விசாரணைக்கு ஒதுக்கிய பெயர்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியாது. விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போக முடியாத ஆண்கள் காலையில் போய்ப் படகைப் பார்ப்பார்கள், டீக்கடைக்கு வருவார்கள், மறுபடியும் போய்ப் படகைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த இரண்டு மாதத்தில் வீட்டு மின்விசிறியை மூன்று தடவையாவது கழற்றி மாட்டுவார். அதில் ஒரு பழுதும் இருக்காது.

அந்த நாட்களில் எல்லோரும் காத்திருப்பது நிவாரணத் தொகைக்காக. குடும்பத்துக்கு ஒரு தொகை, நேராக வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கைப்பேசி ஒலித்தால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை எனக்குத் தற்காலிகமாகக் கிடைத்தது. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மீனவர் சங்கத்துக்கு ஒற்றை அறைக் கட்டடம் உண்டு. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு, நான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்ப அட்டை, ஆதார், மீனவர் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வரியின் கடைசியில் ஒரு கட்டம். அதில் தகுதி, விசாரணை, நீக்கம் என்று மூன்று இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வரிக்குப் போகலாம். முதல் நாள் நான் முதலில் தேடிப் பார்த்தது எங்கள் வீட்டு வரியைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. தகுதி போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுடையதைத் திறந்தேன்.

இரண்டாம் வாரம் அந்த அக்கா வந்தார். பின்தெருவில் தனியாக இருப்பவர். கடலுக்குள் முங்கிப் பாறையில் வளரும் பாசியைப் பறித்து விற்பதுதான் அவருக்குத் தொழில். கிழியாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஆனாலும் கிழிந்துவிடும். அவருடைய விரல் நுனிகளில் ரேகையே தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னால் நாலைந்து தடவை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சலித்துக்கொள்வார்.

"தங்கச்சி, எங்க வரியக் கொஞ்சம் பாரு. காசு என் பேருக்கு வருமா, அந்த ஆளு பேருக்கு வருமா?" என்றார்.

அந்த ஆள் என்றது அவர் கணவரை. நாலு வருடத்துக்கு முன்பு மண்டபம் பக்கம் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். போகும்போது தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். குடும்ப அட்டை மட்டும் பிரியவில்லை. திரையில் குடும்பத் தலைவர் அவர்தான், கணக்கும் அவருடையதுதான்.

"அவர் கணக்குதான்க்கா இருக்கு."

"கடல்ல இறங்குறது நான். காசு எடுக்கிறது அந்த ஆளா?"

"நீங்க தனி அட்டை வாங்கணும்க்கா. அதுக்கு அவர் கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லன்னா கோர்ட்டுக் காகிதம் வேணும்."

"கையெழுத்துப் போட்டா காசு நின்னுரும்னு அந்தாளுக்குத் தெரியாதாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. வேறு வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் அந்த வரிக்கே திரும்பிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசையின்போது அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளிட்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தேன். என் கையில் இருந்தது அந்த மூன்றே சொற்கள்தான்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வரியைத் திறந்து 'விசாரணை' என்று போட்டேன். காரணம் கேட்டது. 'குடும்பத் தலைவர் உடன் வசிக்கவில்லை' என்று தட்டச்சு செய்தேன். பணம் நின்றுவிட்டால் அந்த மனிதர் சங்கத்துக்கு வந்துதானே ஆக வேண்டும், வந்தால் செயலாளர் முன்னால் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. அக்காவிடம் சொல்லவில்லை. நடந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பு எனக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தடைக்காலம் பாதி கடந்த பிறகு பணம் வர ஆரம்பித்தது. ஒரே நாளில் எல்லோருக்கும் வராது. இன்றைக்கு இந்த வீட்டுக்கு, நாளைக்கு அந்த வீட்டுக்கு என்று சிதறித்தான் வரும். வராதவர்கள் எல்லாம் என் அறை வாசலில் நின்றார்கள். அவர்களோடு ஒருநாள் அந்த மனிதரும் வந்தார்.

நொண்டிக்கொண்டே வந்தார். வலது காலைத் தரையில் சரியாக ஊன்ற முடியவில்லை. பாதத்தில் கட்டு.

"திருக்கை முள்ளு குத்திருச்சு தங்கச்சி. சீழ் வச்சு, அறுத்து எடுத்தாக. மூணு மாசமாக் கடலுக்குப் போகல. காசு ஏன் வரல?"

"விசாரணைன்னு இருக்குண்ணே."

"என்ன விசாரணை?"

அவர் இங்கே வசிக்கவில்லை என்ற காரணத்தைப் படித்துச் சொன்னேன். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. மேலே இருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"நான் யோக்கியன்னு சொல்ல வரல. ஆனா எங்கம்மாவுக்கு மாத்திரை வாங்குற காசு இதுதான். சர்க்கரை. ஊசி வேற."

"அக்காவுக்குத் தனி அட்டை வாங்கக் கையெழுத்துப் போடுங்கண்ணே. செயலாளர் இப்ப வந்துருவாரு."

"இந்த வருசக் காசு வரட்டும். அடுத்த வருசம் போட்டுத் தாரேன்" என்றார். செயலாளர் வருவதற்குள் கிளம்பிவிட்டார். காலை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்ததும் அந்த வரியைத் திறந்து மாற்றப் பார்த்தேன். கட்டம் நகரவில்லை. விசாரணை என்று அனுப்பிவிட்டால் பிறகு மீன்வளத் துறை அலுவலகத்தில்தான் மாற்ற முடியுமாம். போன் செய்து கேட்டபோது, ஆள் வந்து பார்ப்பார் என்று மட்டும் சொன்னார்கள்.

ஆள் வந்தார். பின்தெருவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கெட்ட மனிதர் இல்லை. அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார், வெயிலில் நின்றபடியே கேட்டார்.

"உங்க கணவர் இந்த வீட்டுல இருக்காரா?"

"இல்ல சார்."

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"பாசி எடுக்கிறேன் சார். கடல்ல முங்கி."

"உங்க பேர்ல மீனவர் அட்டை இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் பெயரில் எப்போதும் எதுவும் இருந்ததில்லை. எல்லாமே கணவர் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல சார். கையப் பாருங்க" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆபத்தான தொழில்தான்" என்றார். பிறகு எழுதிக்கொண்டு போனார். அவருடைய படிவத்தில் கைகளுக்கு இடம் இல்லை.

அடுத்த வாரம் அந்த வரியில் 'நீக்கம்' என்று வந்துவிட்டது. குடும்பத் தலைவர் இங்கே இல்லை, இங்கே இருப்பவர் பதிவு பெற்ற மீனவர் இல்லை. இரண்டும் உண்மைதான். அவருக்கும் இல்லை, இவருக்கும் இல்லை என்று முடிந்தது.

அக்கா வந்து, "நீக்கம்னா என்ன தங்கச்சி?" என்று கேட்டார்.

அர்த்தத்தைச் சொன்னேன். அது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு என்னால் வீட்டிலும் இருக்க முடியவில்லை, அந்த அறையிலும் இருக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது எழுந்து போய்க் கைப்பேசியைப் பார்ப்பேன். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர், "நான்தான் வேலையில்லாம அலையிறேன், உனக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பணம் வந்துவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் சந்தோஷப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

கடைசியில், திங்கள்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள், போய்க் கொடுப்போம் என்று நானே அக்காவைக் கூப்பிட்டேன். அவர் துவைத்து மடித்த சேலை கட்டி, எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாம்பன் பாலத்தில் போகும்போது கீழே தண்ணீரைப் பார்த்து, "கண்டலா இல்ல, தெளிஞ்சுதான் கெடக்கு. இன்னைக்கு முங்குனா பாறை தெரியும்" என்றார்.

உச்சிப்புளி தாண்டும்போது என் கைப்பேசி ஒலித்தது. எங்கள் வீட்டுப் பணம் வந்திருந்தது.

"காசா?"

"ஆமாக்கா."

"நல்லது. உன் வீட்டுக்காரரும் சும்மாதானே இருக்காரு."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. விசாரணை என்று போட்டது நான்தான், அந்த மனிதரைக் கையெழுத்துப் போட வைக்கத்தான் அப்படிச் செய்தேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல" என்றார்.

"தப்புதான்க்கா."

"அந்தாளுக்குப் போயிருந்தாலும் அந்தக் கெழவிக்கு மருந்தாவது ஆகியிருக்கும். எம் மாமியா என்னைய ஒரு நாளும் கை நீட்டுனது கெடையாது. அவன் போறப்பக்கூட எனக்காகத்தான் பேசுச்சு."

பஸ் நின்றதும் இறங்கி ஆபீசுக்கு நடந்தோம்.

அங்கே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானே எழுதுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். நடந்ததை வரிசையாக எழுதி, சரிபார்த்தவர் வீட்டுக்குப் போய் விசாரிக்காமலேயே குறிப்பு எழுதிவிட்டார் என்றும் சேர்த்தேன். படித்துக் காட்டினேன்.

"அந்த வரிய அடிச்சுரு" என்றார் அக்கா.

"அது உண்மைதானக்கா."

"உண்மைதான். உன் வேலை போயிட்டா எனக்கு அங்கன யாரு இருக்கா? ஒரு ஆளு எனக்கு வேணும். அடிச்சுரு."

அடித்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி பிடிக்காமலும் இருந்தது. வேறு தாளில் திருத்தி எழுதி, வரிசையில் நின்று கொடுத்தோம். வாங்கிப் படித்த அதிகாரி அம்மா பொறுமையாகத்தான் பேசினார். முதலில் தனி அட்டை, பிறகு பாசி எடுப்பவர் என்று சொந்தப் பெயரில் மீனவர் அட்டை, இரண்டும் இருந்தால் அடுத்த வருடம் சேர்க்கலாம் என்றார். இந்த வருடத்துக்கு வழியில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், எங்களுக்கு வந்த பணத்தில் பாதியைத் தருகிறேன் என்றேன். மறுப்பார் என்று நினைத்துத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"குடு. வேண்டாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல" என்றார்.

இரண்டு தடவையாகக் கொடுத்தேன். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இனிமே நல்லது செய்யிறதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லிட்டுச் செய்யி" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அக்கா மண்டபத்துக்குப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மாமியாருக்கு ஊசி மருந்தும் காய்ந்த மீனும் வாங்கிப் போயிருக்கிறார். மகன் கையெழுத்துப் போடாமல் நழுவப் பார்த்தபோது, அந்தக் கிழவி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போடாவிட்டால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"கோர்ட்டுக் காகிதத்தவிடக் கெழவி பெருசு" என்றார் அக்கா என்னிடம். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

ஆனாலும் அட்டை மழைக்காலம் முடிந்துதான் வந்தது. அதற்குள் எத்தனை தடவை போனோம் என்பது நினைவில்லை. கைரேகை பதியவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். பாசிக்குப் போகாமல் ஒரு வாரம் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வீட்டில் இருந்து, அதுவும் பலிக்காமல் கடைசியில் கருவிழியைக் காட்டிப் பதிந்தார். மீனவர் அட்டைக்கு இன்னும் இரண்டு மாதம். அந்த மனிதர் கால் ஆறியதும் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடப் பணம் இருவருக்கும் வரவே இல்லை.

அடுத்த தடைக்காலத்தில் பட்டியல் திறந்தபோது அக்காவுக்கென்று தனி வரி இருந்தது. அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பெயர், அட்டை எண், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

"குடும்பத் தலைவர்ங்கிற எடத்துல யாரு?"

"நீங்கதான்க்கா."

"தகுதின்னு நீ போடுவியா, வேற யாரும் போடணுமா?"

"நான்தான் போடணும்."

"போடு. நான் பாத்துட்டுப் போறேன்."

போட்டேன். அது பச்சையாக மாறும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, "பக்கத்து வரியெல்லாம் யாரு வீடுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்காம எதையும் அமுக்கிராத" என்றார்.

அந்த வேலை இன்னும் வருடத்துக்கு மூன்று மாதம் எனக்கு வருகிறது. விசாரணை என்று போடத் தோன்றும் ஒவ்வொரு வரிக்கும் முதலில் அந்த வீட்டுக்கு நடந்து போகிறேன். வேலை நகரவில்லை என்று செயலாளர் சலித்துக்கொள்கிறார். நேற்றும் நாலு வீட்டுக்குப் போனேன். ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்த வரியை மட்டும் இன்னும் தொடாமல் வைத்திருக்கிறேன்.