'பிளவு' என்ற தலைப்போடு கொட்டாஞ்சேனை வரை

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனதெல்லாம் பயணமா என்று கேட்பீர்கள். தூரம் பதினொரு கிலோமீற்றர்தான். ஆனால் யுத்த காலத்தில் அதற்குக் கொண்டுபோக வேண்டியிருந்த அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வீட்டுக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தால் அது வெளிநாட்டுப் பயணந்தான். உதட்டுப்பிளவோடு பிறந்த குழந்தையை எங்கே, எப்படிக் கொண்டுபோவது என்று போன மாதம் இரண்டு பெற்றோர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். மேலுதடு மூக்கு வரை பிரிந்திருந்தது. என் மனைவி சாந்தி கிரகணத்தன்று வெளியில் வந்திருப்பாள் என்று உறவினர் தீர்ப்புச் சொன்னார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்தப் பத்து மாதத்தில் நமக்குத் தெரியக்கூடிய கிரகணமே இல்லை. வேறு பஞ்சாங்கம் வாங்கச் சொன்னார்கள். சாந்தி வாதாடவில்லை. பிள்ளையின் முகத்தைத் துவாய்த் துண்டால் மூடாமல் வாசற்படலையைத் தாண்டமாட்டாள், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கிளினிக்குக்கு சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார். ஒன்பது மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விடுவார். பிள்ளை நாலரைக் கிலோ வந்தால் அந்த மாதமே உதட்டைத் தைக்கப் பெயரைப் பதிவதாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு அவர் ஆறு மாதம் வெளிநாடு. உறிஞ்சிக் குடிக்க முடியாத பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகப் பால் பருக்கிச் சாந்தி அந்த எடையைக் கொண்டுவந்திருந்தாள்.

கிளினிக் தாதி மற்றத் தாய்மாருக்காக ஒரு துண்டுப்பிரசுரம் கேட்டிருந்தார். நான் அச்சகமொன்றில் பிழை திருத்துபவன். மருத்துவர் தந்த தலைப்பில் 'உதட்டுப்பிளவு' என்றிருந்தது. தலைப்பு சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. உதட்டை வெட்டினேன். இப்படி வந்தது: 'பிளவா? பயம் வேண்டாம். மூன்று மாதத்திலேயே சேர்த்துவிடலாம்.' இருநூறு பிரதி அடித்துப் பையில் எடுத்துக்கொண்டேன்.

காலை 8.10க்கு முச்சக்கர வண்டியில் ஏறினோம். இருநூற்றெண்பது ரூபாய் பேசியிருந்தோம். ஓட்டியவர் கிராண்ட்பாஸைச் சேர்ந்த நிஸாம் நானா. புறக்கோட்டைக்குச் சற்று முன்னால் இருந்த சோதனைச்சாவடிக்கு 8.55க்கு வந்தோம். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் பையைத் திறந்தார். பொலிஸ் வகுப்பில் ஆறு மாதம் தமிழ் படித்தவர். அந்த வகுப்பில் 'பிளவு' வந்திருக்கிறது. உதடு வரவில்லை.

"பிளவு," என்று வாசித்தார். "நாடு பிளவு?"

"இல்லை. உதடு."

"மூன்று மாதத்தில் சேர்ப்பது. எந்த இயக்கம் சேர்ப்பது?"

"டொக்டர் சேர்ப்பார்," என்றேன். உண்மையைச் சொல்லி இவ்வளவு மோசமாக நான் ஒருபோதும் மாட்டிக்கொண்டதில்லை.

"டொக்டர் என்ன பேர்? எத்தனை பேர் சேர்த்தது?"

சார்ஜன்ட் வரும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார். சார்ஜன்ட் எப்போது வருவார் என்பது கான்ஸ்டபிளுக்கே தெரியாது. ஒன்பதரை ஆனது. பத்தானது.

"சேர், இனி எழுதக்கொள்ள எல்லாத்தையும் முழுசா எழுதுங்க," என்றார் நிஸாம் நானா. "மை மிச்சம் புடிக்கப் போய் எங்களையும் சேத்து உள்ளுக்குப் போட்டுருவாங்க."

"இஞ்சேருங்கோ, நேரம் என்ன?" என்றாள் சாந்தி.

"பத்து இருபது."

அப்போதுதான் சார்ஜன்ட் வந்தார். நரைத்த மனிதர். கான்ஸ்டபிள் பிரசுரத்தைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். நான் பொருத்தமான சிங்களச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். சாந்தி இறங்கிப் போய், சாலையில் அத்தனை பேர் பார்த்திருக்க, துவாயை எடுத்துப் பிள்ளையை அவர் முன்னால் நீட்டினாள்.

"பிளவு," என்றாள்.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். தன் மேலுதட்டைத் தொட்டு, "தொல பெலிலா," என்றார். உதடு பிளந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிளந்த உதட்டுக்குச் சிரிப்பு இரட்டை அகலம். அவர் திரும்பி, முன்னால் நின்ற இரண்டு பஸ்ஸையும் ஒதுக்கச் சொன்னார். கான்ஸ்டபிள் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, என்னிடம் எழுத்துக் கூட்டச் சொல்லி, தலைப்பில் 'உதடு' என்று எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நியாயமான பிழைதிருத்தம் அது.

10.50க்குப் போய்ச் சேர்ந்தோம். நிபுணர் கைப்பையை மூடிவிட்டிருந்தார். திறந்தார். நாலு கிலோ அறுநூறு. பெயர் பதிந்தாயிற்று. அந்த நிபுணருக்கும் தாதிக்கும், பஸ்களை ஒதுக்கிய கைக்கும், காத்திருந்ததற்குக் கூலி வாங்க மறுத்த நிஸாம் நானாவுக்கும் நன்றி சொல்ல இதுவரை எனக்குச் சரியான வசனம் அமையவில்லை.

போகப் போகிறவர்களுக்கு: இது எவருடைய குற்றமுமில்லை, சந்திரனுடையதும் இல்லை. பிறந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகப் பால் கொடுங்கள். உதட்டைப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தைப்பார்கள். அண்ணமும் பிளந்திருந்தால் அதை ஒரு வயதையொட்டித் தைப்பார்கள், பேச்சுப் பயிற்சியும் வேண்டியிருக்கும். அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள்.

திரும்பி வரும்போது 11.40. அதே சாலை, அதே வெயில். துவாய் சாந்தியின் தோளில் கிடந்தது. பிள்ளை வெள்ளவத்தை வரை கொழும்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.