புளிக்காத கீரை

பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கிண்ணத்தை வேலிக்கு மேலே நீட்டியபடி சொன்னது இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

"இந்தத் தடவ ஒங்க கீரைல புளிப்பே இல்லலா. நான் புளி கரைச்சு ஊத்தினேன்."

பண்டார் பாருவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து வீட்டு வரிசையில் எங்களுடையது கடைசிக்கு முந்திய வீடு. கடைசி வீடு அக்காவுடையது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் பினாங்கில். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் மாதா படமுமாகத் தனியே இருப்பவர். எங்கள் வரிசையில் கீரை பறிக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. வேலியில் ஒரு சந்து உண்டு. வரலாம், கிள்ளலாம். சமைத்த பிறகு ஒரு கிண்ணம் கீரைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அக்கா இறைச்சி தொடமாட்டார். அந்த நாட்களில் எங்கள் புளிச்சக்கீரைக்கு ஓய்வே கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை என்பது எனக்கு எப்படி மறந்துபோனது? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் பாத்தியின் நடுவே மூன்று செடிகள் புளிச்சக்கீரை இல்லை. என் வீட்டுக்காரர் வைத்தவை. செம்பனைக் குலை வெட்டப் போன இடத்தில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு இரண்டு வருடமாகப் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தவர். மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகிவிட்டது. யாரோ ஒரு பழைய கூட்டாளி விதை கொடுத்திருக்கிறான். புளிச்சக்கீரை இலையும் விரல் விரித்த மாதிரிதான் இருக்கும், ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று அதன் நடுவிலேயே ஊன்றிவிட்டார். பெரிய புத்திசாலி.

அந்த வாரம் தண்ணீர் ஊற்றப் போன ஒரு காலையில்தான் நான் கண்டுபிடித்தேன். கீரைத்தண்டில் சுணை இருக்கும், கையைக் கீறும். இவை கீறவில்லை. குட்டையாக, புதராக, விரல் விரலாக அகன்ற இலையோடு நின்றன. நுனியைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. எலுமிச்சைத் தோலோடு பழைய டயரையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி ஒரு வாடை.

"இது இண்டிகா, கஞ்சாவுல ஒரு ஜாதி," என்றார், ஏதோ ரோஜாச் செடியைச் சொல்வதுபோல. "மத்தது மாதிரி சிரிக்க வைக்காதாம். ஒடம்ப அப்படியே அமுத்தித் தூங்க வைக்குமாம். எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான்."

ஒரு செடி வளர்த்தாலே பல வருடச் சிறை, ரோத்தான் பிரம்படி. அந்த முதுகை வைத்துக்கொண்டு அடி தாங்குவாரா? பிடுங்கு என்று கத்தினேன். அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குப் பிறகு நானே பிடுங்குவேன் என்றேன். நான் செய்த தப்பு அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா நீட்டிய கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பாத்திக்கு ஓடினேன். மூன்று செடியிலும் கொழுந்து இல்லை. அக்கா பெலாச்சான் என்ற இறால் விழுதைப் போட்டு, எண்ணெய் நிறைய விட்டு வதக்கியிருந்தார். அந்த வாசனையில் எந்த வாடைதான் தெரியும்?

திரும்பி வந்தபோது அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிட்டாராம், இரண்டு தட்டு. கண் சிவந்திருந்தது.

"நாக்கு காயுதும்மா. காலு என் காலு மாதிரியே இல்ல."

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஓடுது பாரு, படபடன்னு ஓடுது. காடி கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

காரைக் கூப்பிட்டால், ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். சிறுநீரைச் சோதிப்பார்கள். கீரை எங்கே பறித்தது என்பார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குனிய முடியாமல் மண்டியிட்டு அந்தச் செடிகளைப் பிடுங்கி உரச்சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"வெயில்தான் அக்கா," என்றேன். "கொஞ்சம் படுங்க, சரியாயிடும்."

மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது ஜெபமாலை கையில் இருந்தது, வார்த்தை குழறியது. நான் ஈரத்துணியை நெற்றியில் போட்டேன். போன் என் மடியில்தான் இருந்தது.

அப்புறம் அவர் தூங்கிப்போனார். தூங்கினாரா வேறு ஏதாவதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனால் மாத்தாதான், போலீஸ் வந்துவிட்டது என்று தோன்றியது. இந்தப் பக்கம் அக்கா செத்துவிடுவாரோ என்ற பயம், அந்தப் பக்கம் என் புருஷனைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்ற பயம். எது பெரியது என்று அன்றைக்கு என் கை முடிவு செய்துவிட்டது. அது போனைத் தொடவே இல்லை.

ஐந்து மணிக்குக் கண் விழித்தார். பசிக்கிறது என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்றார். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலிச் சந்தில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கீரை கிள்ளிக்கட்டுமா?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை கேட்கிறார்.

"என்னக்கா, புதுசா கேக்கறீங்க?"

அவர் பாத்தியின் நடுவே மண் கிளறிக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு தடவ காடி கூப்பிடச் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

பறிச்சுக்கோங்க என்றேன்.

அக்கா உள்ளே வந்து குனிந்தார். ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, ஓரத்தைக் கடித்து, புளிக்கிறதா என்று பார்த்து, பிறகே கூடையில் போட்டார். நான் அங்கேயே நின்றேன். அன்று மதியம் கிண்ணம் வரவில்லை.