பன்னிரண்டு புள்ளி நாலு

ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் காட்டும் கருவிகளை விற்பதுதான் எங்கள் தொழில். சாலை பஜாரில், நகை வேலைக்காரர்களும் வாட்ச் ரிப்பேர்க்காரர்களும் வந்துபோகும் சின்னக் கடை. கவுண்டரில் நிற்க ஆரம்பித்து ஆறு வருஷம். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்குப் போய், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகே செருப்பைக் கழற்றுகிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குத் தம்பானூர் லாட்ஜில் ராத்திரி வேலை. மகள் மீனு பக்கத்தில் தூங்குகிறாள். நாலு வயது. அவள் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி. இரண்டு வாரம் பார்க்கலாம், பெரிதானால் கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். பெரிதாகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

இரவல்

காலிப்பர் என்பது இரண்டு தாடைக்கு நடுவே பொருளைப் பிடித்து அளவு பார்ப்பது. ஷோகேஸில் இருந்த ஸ்டீல் காலிப்பரை எடுத்துக்கொண்டு முதலாளி அண்ணாச்சி முன்னால் நின்றேன். வீட்டில் ஒரு சின்ன வேலை, கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்றேன். என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயார்; ஆனால் கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பொய் வாயில் வருமுன் முகத்தில் வந்துவிடும். அண்ணாச்சி கேட்கவில்லை. "ஸ்டீல் வேண்டாம்மா, பிளாஸ்டிக்கைக் கொண்டு போ. வீட்டுல புள்ள இருக்கு, முனை பட்டாக் கீறிரும்."

பிடி

முதல் மூன்று நாள், மில்லிமீட்டரில் கட்டியின் அளவு: 11.2, 11.9, 10.8. ஏறினால் அழுகை, இறங்கினால் நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான், தகட்டின் கனம் பார்க்கும் மைக்ரோமீட்டர் வாங்கிப்போன நகை வேலைக்காரர் ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரே தகடு, ஆளுக்கு ஓர் அளவு காட்டுகிறதாம். நான் திருகி, 'கிளிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்திக் காட்டினேன். அதற்கு மேல் இறுக்கினால் அளவு குறையும் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. தகட்டுக்கே அப்படி என்றால் மீனுவின் கழுத்து? ஒரு நாள் அழுத்திப் பிடித்திருப்பேன், ஒரு நாள் பயந்து பிடித்திருப்பேன். கட்டி அப்படியேதான் இருக்கிறதோ என்னவோ! அவர் சிரித்துக்கொண்டே கருவியைப் பைக்குள் போட்டார். "நான் பிடிச்சா ஒண்ணு, பொண்டாட்டி பிடிச்சா வேற ஒண்ணு. எங்க வீட்டுல எல்லாக் காரியமும் அங்ஙனே தன்னே, சேச்சி."

வாட்ச் கண்ணாடி

அதன் பிறகு தொட்டும் தொடாமலும், தினமும் ஒரே மாதிரி பிடித்தேன். 11.4. 11.8. 12.1. 12.4. துண்டுச் சீட்டில் எழுதிக் கவுண்டருக்கு அடியில் வைத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தால், கூட வேலை பார்க்கும் லலிதாக்கா அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக லேடீஸ் வாட்ச் கண்ணாடியைத் தேடி அடுக்கிக்கொண்டிருந்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போன கண்ணாடி ஆர்டர் என்று நினைத்திருக்கிறார். வட்டம் வட்டமாக மூன்று கண்ணாடி, ஒன்றைவிட ஒன்று பெரிதாக. எண்ணில் தெரியாதது அப்போது கண்ணில் தெரிந்தது. அக்கா நிமிராமலே சொன்னார்: "பன்னிரண்டு புள்ளி நாலு ஸ்டாக் இல்ல, கேட்டியா. பன்னிரண்டரை இருக்கு, கொஞ்சம் தேச்சா உக்காந்துரும்னு சொல்லிரு."

பால் மீசை

டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கட்டியை விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தார். ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். இனி வீட்டில் அளக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் என் கை தானாகக் காலிப்பரை எடுத்தது. மீனு பால் மீசையோடு வந்து, நான் கூப்பிடாமலே முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும் தினமும் என் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "அம்மா, இன்னைக்குச் சின்னதா எழுதிக்கோ. அப்ப நீ அழமாட்ட."

பத்து என்று எழுதினேன். ஆறு வருஷத் தொழிலில் தெரிந்தே நான் தப்பாக எழுதிய அளவு அது ஒன்றுதான்.