நிறம் போன தண்ணீரும் யோகமலரும்

யோகமலரின் தம்பி அழைத்தபோது நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றுகொண்டிருந்தேன். "சேர், அக்கா போட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது" என்றார். முந்திய கிழமை முழுவதும் யோகமலர் எனக்கு ஒரே கேள்வியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்: "போத்தலைத் திரும்ப வைச்சனீங்களோ?" நான் வைக்கவில்லை. பதிலும் போடவில்லை. இந்த மனுசிக்கு வேறு வேலையில்லை என்று எரிச்சல்பட்டுக்கொண்டு நின்றபோதுதான் அழைப்பு வந்தது.

ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நானும் அவரும் பதினொரு வருடம் இரசாயனம் படிப்பித்தோம். இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், ஆசிரியர் அறையில் அவருடைய கதிரை எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். தேத்தண்ணீரைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். பக்கத்தில் இருப்பவரையும் இருக்கவிட மாட்டார்.

நயினாதீவில் ராணி அக்கா நடத்தும் பனையோலை வேலை நிலையத்தில் ஏழெட்டுப் பெண்கள் கிடாரத்தில் ஓலை அவித்துச் சாயம் ஏற்றுவார்கள். மிஞ்சிய ஊதாத் தண்ணீரை வேலியோரம் ஊற்றிவந்தார்கள். வேலிக்கு அப்பால் அந்தக் குறிச்சியின் ஒரேயொரு நல்லதண்ணிக் கிணறு. எங்கள் தீவுகளில் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. ஓலைப்பெட்டி வாங்கப்போன யோகமலர் இதைக் கண்டு, பெட்டியை மறந்து, சண்டைபோட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் சாயத்தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பித் தூரத்திலுள்ள சீமெந்துத் தொட்டிக்குச் சுமந்தார்கள். அவர்களைச் சுமக்க வைத்தது தான்தானே என்பது அவரைச் சும்மா இருக்கவிடவில்லை.

அதற்கு அவர் கண்ட வழி நாக ஒட்சைட்டு, அதாவது சிங்க் ஒக்சைட்டு, என்ற வெள்ளைத் தூள். அது ஒரு குறைகடத்தி. வெயில் பட்டால் உசாராகித் தண்ணீரிலுள்ள சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கும். முதல்முறை அதைக் கண்ணாடிப் போத்தலில் கொண்டுபோனபோது படகு நிறைய அம்மன் கோயிலுக்குப் போகும் சனம். ஒரு வயதான அம்மா விபூதியென்று நினைத்து, "எனக்கும் கொஞ்சம் தாரும் பிள்ளை" என்று கையை நீட்டினார். "இது நெத்திக்கில்லை அம்மா, சாயத் தண்ணிக்கு" என்றார் யோகமலர். அந்த அம்மா நம்பவில்லை. இறங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வேலை நிலையத்துக் கூரையில் போத்தல்களை வரிசையாக வைத்தோம். தூள் அடியில் படியப் படிய அவர் ஒவ்வொன்றாகக் குலுக்குவார். நான் கிட்டப் போனால், "சேர், உங்கட நிழலை எடுங்கோ" என்பார். ஒரு போத்தலை மட்டும் கறுப்புத் துணியால் சுற்றி உள்ளே ஒளித்து வைப்பார். வெயில் படாததோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவசரக்காரனாகிய நான், கெதியாகத் தெளியட்டும் என்று எல்லாவற்றிலும் தூளை அள்ளிப் போட்டேன்.

பண உதவி செய்வதாகக் கொழும்பிலிருந்து இருவர் வந்த நாளில், தெளிந்த போத்தலைத் தூக்கிக் காட்டி, "பாருங்கோ, சாயம் அழிஞ்சு போச்சு" என்றேன். பெண்கள் கைதட்டினார்கள். யோகமலர் உள்ளே போய்க் கறுப்புத் துணியை அவிழ்த்து, மற்றப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதுவும் தெளிந்திருந்தது. இரண்டின் அடியிலும் தூள் கடும் ஊதாவாகப் படிந்திருந்தது. "வெயிலில்லாமலும் தெளிஞ்சால், வெயில் என்ன செய்தது சேர்? தூள் சாயத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு. அழிக்கேல்லை." வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அத்தனை பேர் முன்னால் இப்படி மானத்தை வாங்கினாரே என்று இரண்டு பாடசாலைத் தவணை நான் அவரோடு கதைக்கவில்லை.

அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஒருநாள் என் வகுப்புக்குள் நுழைந்து, "சேர், தூளைக் குறைப்பம். முதல் இருட்டில வைச்சு, அது பிடிக்கிறதைப் பிடிக்க விட்டிட்டு, பிறகு வெயிலில வைப்பம். சனிக்கிழமை வாறியளோ?" என்று கேட்டார். போனேன். இம்முறை இருட்டுப் போத்தல் ஊதாவாகவே இருந்தது. வெயிலில் வைத்தது தெளிந்தது, அடியிலிருந்த தூளும் திரும்ப வெள்ளையாகியிருந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன். அவரோ போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைஞ்சது சரி. உடைஞ்ச துண்டு இப்ப என்னவாக் கிடக்கு? அது சாயத்தைவிட நஞ்செண்டால்?" என்றார்.

இன்னுமொரு நாள் போத்தல் வைத்து, அந்தத் தண்ணீரைப் பெரிய ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதற்குள் அவர் கால் வீங்கி வீட்டோடு இருந்துவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் இறந்த அன்று நான் நயினாதீவுக்குப் போகப் புறப்பட்டது, தெளிந்த தண்ணீரை இனி வேலியோரம் ஊற்றலாம் என்று ராணி அக்காவிடம் சொல்லத்தான். தம்பியின் அழைப்பு வந்திராவிட்டால் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு போத்தல்களை வைத்தேன், தண்ணீரை அனுப்பினேன். பதில் வந்தது. நிறம் இல்லை, ஆனால் உடைந்த துண்டுகள் இருக்கின்றன. ஒரு நாள் வெயில் போதவில்லை. அந்தக் கடதாசியைக் கண்டது நான் மட்டும்தான்.

போய்ச் சொன்னேன். ராணி அக்கா கானை நிலத்தில் வைத்தார். "இன்னும் எத்தினை நாளைக்குச் சேர் சுமக்கிறது? என்ர தோளைப் பாருங்கோ."

"இப்ப ஊத்த ஏலாது அக்கா."

"மலர் ரீச்சர் இருந்திருந்தால் ஓமெண்டு சொல்லியிருப்பா. அவ எங்கட கஷ்டம் தெரிஞ்ச மனுசி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியவில்லை, அதற்குள் அவரை ஓம் சொல்பவராக ஆக்கிவிட்டோம். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவருக்கு அதைச் செய்யாதீர்கள். அவர் கரைச்சல் பிடித்த மனுசி. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த 'ஏலாது' ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு ஏச்சு வாங்கும் வேலையும் கூடவே வந்திருக்கிறது. அன்று இரண்டு கான்களை நானே தொட்டிவரை சுமந்தேன். நல்ல பாரம். வழிநெடுக யோகமலரைத் திட்டிக்கொண்டே போனேன்.