பாலில் பெட்ரோல் வாடை

கீழ்பென்னாத்தூர் அப்பாசாமிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான், வேட்டவலத்தில் கட்டிக்கொடுத்த பெரிய அத்தைக்கும் அப்படித்தான். அந்த வம்சத்தில் யாரும் கத்த மாட்டார்கள். காது சிவக்கும், பேச்சு நின்றுபோகும், அப்புறம் வருஷக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார்கள்.

இந்த ஆவணியில் அவரைக் கோபப்படுத்தியது வண்டி. தொண்ணூற்றெட்டில் வாங்கிய நூறு சிசி வண்டி. இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பி, திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கம் ரோட்டுக்குப் போய், ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஊற்றிவிட்டு வருவார். அந்த வண்டியின் கார்புரேட்டர் ஒழுக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினால் போதும், அடியில் தொங்கும் சின்ன ரப்பர் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். ஒவ்வொரு வாசலிலும் இறங்கிப் பெட்ரோல் டேப்பை மூடுவார், கிளம்பும்போது திறப்பார். அந்தக் கையோடுதான் பாலையும் அளந்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. வினோதினி என்று ஒரு பெண், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் காபிக்கடை வைத்திருக்கிறாள். தினமும் பன்னிரண்டு லிட்டர் அவளுக்கு. ஒரு திங்கட்கிழமை, பாலில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரம்மா கோப்பையைத் தள்ளிவிட்டதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பாக்கெட் பாலுக்கு மாறிவிடுவேன் என்றாள். மற்ற வீடுகள் எல்லாம் அரை லிட்டர், ஒரு லிட்டர். அந்தப் பன்னிரண்டு போனால் அத்தனை தூரம் வண்டி ஓட்டுவதே வீண். கட்டியிருக்கும் மாடுகளில் இரண்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

மூன்று மெக்கானிக்கிடம் ஏற்கனவே காட்டியாகிவிட்டது. ஒருத்தன் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்துக்குப் புது வாஷர் போட்டான், மறுநாளே ஒழுகியது. இன்னொருத்தன் உள்ளே இருக்கும் ஊசியை மாற்றினான், மூன்று நாள் நின்றது, நாலாம் நாள் பழையபடி. மூன்றாமவன் வண்டியைத் தொடக்கூட இல்லை. இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க பெரியவரே என்றான். அவனை அறையாமல் வந்ததே பெரிசு என்று அப்பாசாமி வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவர் மனைவி கன்னியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில் ஒரே வார்த்தையாகச் சொன்னாள்.

"ஊர்ல இருக்கிறவன் கைல எல்லாம் குடுத்தாச்சு. எந்தம்பி கை மட்டும்தான் உங்களுக்கு ஆவல."

தம்பி என்றால் கூடப்பிறந்த தம்பி, வேணு. திண்டிவனம் ரோட்டிலேயே பட்டறை வைத்திருக்கிறான். அப்பாசாமி பதினேழு வருஷமாக அந்தப் பட்டறையை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கடக்கிறார். மகள் அன்புச்செல்விக்குக் காது குத்திய நாளில் வந்த பகை அது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் போகிறது, வேணுவைக் காணோம். கன்னியம்மாளின் பெரியப்பா மகன் இளவரசன் அங்கே இருந்தான், அவனும் மாமன் முறைதானே என்று அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டார் அப்பாசாமி. ஒரு காது குத்தி முடிக்கும்போது வேணு சீர்த்தட்டோடு வந்து நின்றான். பஸ் பழுதாகி வழியிலே நின்றுவிட்டதாம். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனவன்தான்.

புதன்கிழமை மத்தியானம் அப்பாசாமி வண்டியைக் கொண்டுபோய் அந்தப் பட்டறை முன்னால் நிறுத்தினார். என்ன கோளாறு என்று அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தான். விளிம்பில் கசிந்தால் வாஷர் கோளாறு. இது குழாய் வழியாக வருகிறது. கிண்ணம் நிறைந்ததும் ஊசி போய் வழியை அடைக்க வேண்டும், அடைக்கவில்லை, அதனால் வழிகிறது. அடியில் இருந்த திருகைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சற்று நேரம் வைத்தான். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தான். நிமிர்ந்து டேங்க் மூடியைப் பார்த்தான். அதன்மேல் விபூதிப்பட்டை மூன்று, நடுவில் குங்குமம்.

"மாமா, தெனமும் பட்டை போடறீங்களா?"

"போடுவேன். அதுக்கு இன்னா இப்போ?"

"மூடில காத்து போற ஓட்டை இருக்குது. அது வழியா துன்னூறு உள்ள எறங்குது. டேங்க் அடியில சல்லடையும் கிழிஞ்சி கெடக்குது. ஊசி உக்கார்ற எடத்துல போய் ஒட்டிக்கினா எப்படி அடைக்கும்? அவனுங்க ஊசிய மாத்தனானுங்க, டேங்க யாரு கழுவனா?"

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றிவிட்டுக் கோயில் விபூதிப் பொட்டலம் வாங்கிவந்து, காலையில் குளித்ததும் நெற்றிக்கு ஒரு பட்டை, வண்டிக்கு ஒரு பட்டை போடுகிறவர் அப்பாசாமி. அவருக்குப் பொறுக்கவில்லை. ஒழுகுவது கார்புரேட்டர், பழி சாமிமேலா என்று கேட்டுவிட்டார்.

வேணு கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"சாமி மேல இல்ல மாமா, உங்க மேல. இத்தினி வருசமா இந்த ரோட்டுலதான் போறீங்க. ஒரு நாள் நிறுத்தியிருந்தா மூடியப் பாத்ததுமே சொல்லியிருப்பேன். எவன் எவன் கைலயோ குடுத்து வண்டிய நாசம் பண்ணிட்டு, என்கிட்ட வந்து மொறைக்கிறீங்க. அன்னிக்கும் இப்படித்தான், அஞ்சு நிமிசம் பொறுக்கத் தெரியல உங்களுக்கு."

இத்தனை நாள் அப்பாசாமி மெக்கானிக்குகளைத் திட்டினார், வண்டியைத் திட்டினார், வெள்ளைக்காரம்மாவைக்கூடத் திட்டினார். இப்போது திட்ட ஆளே இல்லாமல் போனது. பட்டை போடும் தன் விரலையே பார்த்துக்கொண்டு பட்டறை வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வேணு டேங்கை இறக்கி மூன்று தடவை அலசினான், புதுச் சல்லடை போட்டான், ஊசி உட்காரும் இடத்தைக் காற்றடித்துத் துடைத்தான், குழாயில் ஒரு வடிகட்டியும் சேர்த்தான். பட்டையை இனிமேல் ஹெட்லைட்டில் போடுங்க என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வா என்று இவர் கூப்பிடவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி ஒரு சொட்டுக்கூட விடவில்லை. வினோதினி கேனை முகர்ந்தாள். பாலை ஒரு கரண்டி எடுத்து முகர்ந்தாள். அப்புறம், "கையக் காட்டுங்கண்ணா" என்றாள்.

கடையில் நாலு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வம்சத்தில் எவனும் முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கையை நீட்டியதில்லை. கேனை அப்படியே கட்டிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றார். பிறகு நீட்டினார். அவள் குனிந்து முகர்ந்துவிட்டு ஊற்றச் சொன்னாள்.

பன்னிரண்டு லிட்டரை அளந்து ஊற்றினார். வழக்கமாகக் கொசுறுக்கு ஊற்றும் அரை ஆழாக்கை அன்றைக்கு ஊற்றவில்லை.