வெள்ளைக் கோட்டுக்கு மேலே தண்ணீர்

2005 மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஓடைக்கரை உடைந்தது என்னால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கடலூரில் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு, புவனகிரிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் சிதம்பரத்துக்கு ஏற்றிப்போய்ப் பிழைத்தேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. சேறும் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஓடை. பாலத்தைச் சுற்றிப் போனால் ஆறு கிலோமீட்டர். ஓடையில் இறங்கி ஏறினால் இரண்டு நிமிடம். 'கரையில் வாகனங்கள் இறக்கக் கூடாது' என்று பலகை இருந்தது. அதன் பக்கத்திலேயேதான் இறங்குவேன். யாராவது கேட்டால், "பொறம்போக்குதானே, ஒங்க ஊட்டு நெலமா?" என்பேன்.

ஒரே தடத்தில் இறங்கி இறங்கிக் கரையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. தண்ணீர் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே வெளியேறி, கரையைப் பிளந்துகொண்டு வயலில் பாய்ந்தது. அடுத்திருந்த ஒன்றரை ஏக்கர் ஓர் அக்காவுடையது. கணவர் இறந்தபின் தனியாகப் பயிர் வைத்து மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். நட்டு இருபது நாளான பயிர்மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது.

கரை உடைந்த அன்று காலை அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. நான் பக்கத்தில் போய், "அக்கா, என் வண்டித் தடம்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீயா வந்து சொன்ன. அது போதும்னு நான் சொல்ல மாட்டன். கரையக் கட்டு."

கட்டினேன். சாக்கில் மணல் நிரப்பி அடுக்கி, மண் கொட்டி மிதித்து, மேலே நாணல் நட்டேன். டிராக்டர் வைத்திருந்த இரண்டு மச்சான்களும் கூட வந்தார்கள். அவர்களும் அதே தடத்தில் இறங்கியவர்கள்தான். கரையைப் பார்வையிடப் பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் இளம் பெண் பொறியாளர் வந்தார். திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றோம். அவரோ கரைநெடுக நடந்துவிட்டு வந்து, "எங்கயும் எறங்கக் கூடாதுன்னா நீங்க கேக்க மாட்டீங்க. எங்க எறங்கலாம்னு நீங்களே சொல்லுங்க. மிச்ச எடத்த வுட்டுடுங்க. நான் மேல எழுதி அனுமதி வாங்குறேன்" என்றார்.

கிராம சபையில் பேசி முடிவானது. கரை தாழ்ந்து, அடியில் கெட்டித் தரை இருந்த ஒரே இடத்தில்தான் கடக்க வேண்டும். நேராகக் கடக்க வேண்டும். ஓடைக்குள் நீளவாக்கில் ஓட்டக் கூடாது. வண்டி கழுவக் கூடாது, மாடு குடிக்கிற தண்ணீரில் ஆயில் மிதக்கிறது. அங்கே நட்ட கல்தூணில் வெள்ளைக் கோடு ஒன்று. தண்ணீர் அதற்கு மேல் போனால் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவர் அந்த அக்காதான். கோட்டை வரைந்தது நான்.

முதல் வருடம் எரிச்சலாகத்தான் இருந்தது. "என் வண்டிக்கி இதெல்லாம் தண்ணியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, தண்ணீர் கோட்டைத் தாண்டிய நாட்களில் பாலத்தைச் சுற்றிப் போவேன். ஆனால் நாணல் வேர் பிடித்தது. கரை நின்றது. அக்கா மறுபடியும் நட்டு, அறுத்தார்.

2009 கார்த்திகையில் அவர் மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். நர்சிங் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். மறுநாள் காலை முகூர்த்தம், முதல்நாள் மாலை வரவேற்பு. பெண்ணை அழைத்துப்போவது என் ஜீப். உறவுக்காரர்கள் இரண்டு டிராக்டரில். பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடைக்கு வந்தோம். வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர். பாலத்துச் சுற்றுவழியிலும் இடுப்பளவு தண்ணீர் என்று செய்தி வந்தது.

அக்கா ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "எறக்குடா. இன்னிக்கி ஒரு நாளு."

எனக்கும் ஆசைதான். அதைவிட ஜாஸ்தி தண்ணீரில் அந்த வண்டி போயிருக்கிறது. ஆனால் நான் இறங்கினால் பின்னால் நிற்கிற டிராக்டர்களும் இறங்கும். அவற்றில் குழந்தைகள் இருந்தார்கள். நாளைக்கு எவனையும் நிறுத்த முடியாது.

"முடியாதுக்கா."

"அன்னிக்கி ஒம்மேல கேசு குடுக்காம வுட்டன்ல? மறந்துட்டியா?"

"மறக்கல. அதனாலதான்க்கா எறங்க மாட்டன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி பெண் இறங்கினாள். கல்தூணைப் பார்த்தாள். "யம்மா, நீ கேட்டு வாங்குன சட்டம். ஊரு முழுக்க கட்டுப்படணும், நீ மட்டும் வேணாமா?" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "மாமா, படகு கெடைக்குமா?"

வெள்ளம் வந்தால் ஓடையில் வலைபோட வரும் மீனவர் ஒருவர் கொஞ்சம் கீழே இருந்தார். கூப்பிட்டதும் வந்தார். நான் போன் செய்து அக்கரைக்கு இரண்டு வேன் வரவழைத்தேன். ஒரு நடைக்கு நாலு பேர். முதல் நடையில் பெண், மடியில் பூக்கூடை, தலைக்குமேல் யாரோ விரித்த குடை. சீர்வரிசைத் தட்டுகள் ஒரு நடை. பயந்து வந்த பிள்ளைகள் பாதி வழியில் சிரிக்க ஆரம்பித்தன. எல்லோரையும் கடத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கா கடைசி நடையில் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜீப்பை வீட்டில் விட்டுவிட்டு நானும் படகில் கடந்து பஸ் பிடித்துப் போனேன். காலையில் தாலி கட்டியதும் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். இலைமேல் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது. நிமிர்ந்தால் அக்கா.

"சாப்புடு" என்றார். கொஞ்சம் நின்று, "புள்ளைங்க எல்லாம் பத்தரமா வந்துட்டாங்க" என்றார். தட்டோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். நான் இரண்டு ஜாங்கிரியையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அதற்குப்பின் விதியைப் பற்றி ஊரில் வாக்குவாதமே வரவில்லை. கல்யாணப் பெண்ணே படகில் போனாளே என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. 2012 கோடையில் வெளியூர் இளைஞர்கள் நாலைந்து பேர் பெரிய சக்கர ஜீப்புகளில் வந்தார்கள். ஓடைக்குள் நெடுக ஓட்டித் தண்ணீர் அடித்து விளையாட வேண்டுமாம். நான் போய், கடக்கும் இடத்தைக் காட்டி, கரை கதையைச் சொன்னேன். ஒருவன் முகத்தைச் சுளித்தான். இன்னொருவன், "சரிண்ணா" என்று முதல் கியரில் மெதுவாக இறக்கினான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக, நேராகக் கடந்து அக்கரை ஏறினார்கள்.