பல்லுக்கரையும் ஏணிக்கரையும்

எங்கள் தெருவில் பிலிம் துண்டு சேர்க்காத பையன் கிடையாது. கோவில்பட்டிக்கு யார் போனாலும் சினிமாக் கொட்டகையின் பின்பக்கம் ஒரு எட்டுப் போய், ஆபரேட்டர் வெட்டி எறிந்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவான். கதாநாயகன் முகம் உள்ள துண்டு வைத்திருப்பவன் ராஜா. கத்திச் சண்டை வைத்திருப்பவன் மந்திரி. என்னிடம் தேறியவை ஒரு தூண், சில கதவுகள், நடந்துபோகும் மாட்டின் பின்பக்கம். மாட்டைக்கூட முன்னாலிருந்து பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

படத்தில் தோற்ற நான் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிலிமின் ஒரு பக்கம், வேட்டிக்குக் கரைபோல ஒரு பட்டை ஓடும். சத்தமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். எடுத்துப் பார்த்தால் கரையிலும் சாதிகள் இருந்தன. சிலவற்றில் ரம்பத்தின் பல்போலக் கூர்கூராக இருக்கும். அதற்குப் பல்லுக்கரை என்று பெயர் வைத்தேன். சிலவற்றில் பல்லே இல்லாமல், சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக, ஏணிப்படிபோல அடுக்கியிருக்கும், அது ஏணிக்கரை. பல் பெரிதாக இருந்தால் சத்தமாகப் பேசுகிறார்கள், சிறுத்தால் மெதுவாகப் பேசுகிறார்கள், பல்லே காணவில்லை என்றால் சும்மா நிற்கிறார்கள். இதை நானாகவே கண்டுபிடித்தேன். தெருவில் ஒருவனும் மதிக்கவில்லை. “மாட்டுப் பின்பக்கம் என்னலே பேசுது?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. புரொஜக்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் படம் போடுவது அவர் தொழில். அது தொழிலே இல்லை என்று சொல்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அவருடைய மூத்த மகளைத்தான் மாமா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் காடு ஏராளமாக உள்ள குடும்பம். “துணியில நெழலு காட்டிப் பொழைக்கிறவனுக்கா எம்மவ?” என்று கேட்டவர், கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஊர்க் கொடையை முன்னின்று நடத்துபவர் அவர்தான். கொடைக்குச் சாமி படம் போடச் சொன்னார். சிக்கல் இல்லாமல் நடந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார். அந்தப் படத்தில்தான் மாமாவின் கல்யாணமே இருந்தது.

பங்குனிக் கொடை. பரீட்சை முடிந்திருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். மாமா இரண்டு படங்கள் எடுத்து வந்திருந்தார். ஒன்று இங்கே போட வேண்டிய சாமி படம். மற்றது மறுநாள் குளத்தூரில் போட வேண்டிய ராஜா படம். ரீல்களைத் தகர டப்பாக்களில் போட்டு, எந்தப் படம், எத்தனையாவது ரீல் என்று எழுதிய காகிதத்தை மூடிமேல் மைதாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். டப்பாக்களைப் பெண் வீட்டுத் தொழுவத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் எல்லா மூடிகளும் பளபளவென்று இருந்தன. சுவரொட்டி தின்று வளர்ந்த வீட்டு ஆடுகள், மைதா வாசனை விடாமல் நக்கி, காகிதத்தையும் மென்று முடித்து, அடுத்து என்ன என்பதுபோல எங்களைப் பார்த்தன.

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. ரீல்களை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். படம் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான். இரண்டு படத்துக்கும் ஒரே கதாநாயகன். தலையில் அதே கிரீடம். இதில் சாமி கும்பிடும் ராஜா எவர், சண்டை போடும் ராஜா எவர்?

“மாமா, கரையப் பாத்துப் பிரிச்சிருவோம்” என்றேன்.

“எந்தக் கரை?”

விளக்கினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெரிய மனுஷர் என் சாஸ்திரத்தைக் காது கொடுத்துக் கேட்டார். வேறு வழி இல்லாதவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெண்ணின் அம்மாவும் ஆட்டை விரட்டுகிற சாக்கில் வந்து நின்று கேட்டார். மாமா அவரை அத்தை என்று கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிட்டேன். முறை சரியில்லை என்று யாரும் திருத்தவில்லை. இடுப்பில் ஒன்று, சேலையைப் பிடித்தபடி ஒன்று என்று எப்போதும் பிள்ளைகளோடுதான் நடமாடுவார். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ண முயன்று, நடுவில் ஒன்று ஓடிப்போக, விட்டுவிட்டேன்.

“கரையப் பாத்தே சத்தத்தச் சொல்லிருவியால?” என்றார்.

“சொல்லிருவேன் அத்தை.”

“கெட்டிக்காரப் பய” என்று கை நிறைய சீடை கொடுத்தார். போதாதா!

சாமி படத்தின் பெயர் வரும் ரீலைக் கண்டுபிடித்தோம், அது பல்லுக்கரை. அப்படியானால் பல்லுக்கரை எல்லாம் சாமி படம், ஏணிக்கரை எல்லாம் குளத்தூர்ப் படம். மாமா வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போய்விட்டார். நான் ஒவ்வொரு ரீலிலும் ஓரத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். சுபம் என்று முடிகிற ரீல் கடைசி. நடுவுக்கு ஒரு தடித்த ரீலும் ஒரு மெலிந்த ரீலும் மிஞ்சின. மெலிந்ததை எங்கே வைப்பது? ராணி பிள்ளை வரம் கேட்கும் கதை என்று மாமா சொல்லியிருந்தார். சாமி வந்து வரம் கொடுக்கிற இடம் சுருக்கமாகத்தானே இருக்கும்? இரண்டாவதாக வைத்தேன். ஓரத்தைவிட்டு நடுவில் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். மாட்டின் பின்பக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது.

பொழுது அடைந்ததும் படம் தொடங்கியது. முதல் ரீல் அமோகம். பெண்ணின் அப்பா முன்வரிசை நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ராணி கோயில் வாசலில் விழுந்து, பிள்ளையில்லாப் பாவியாகிவிட்டேனே, கண் திறந்து பார் என்று கதறினாள். மின்னல் வெட்டியது. ரீல் முடிந்தது. மாமா அவசரமாக அடுத்ததை மாட்டினார்.

திரையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கழுத்தில் குழாய் தொங்கியது.

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். “சாமிதான்டே! மாறுவேசத்துல வந்திருக்கு. கழுத்துல பாம்பப் பாரு!”

சாமி வாயைத் திறந்தது. தாய்மாரே, ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் போதும், அதற்குமேல் வேண்டாம் என்று குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கரிசல் காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது. கூடவே வரிசையாகச் சில பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் ஓய்ந்துபோன ஒரு பெண்ணும் திரையில் வந்தார்கள். எல்லாப் படத்தோடும் சேர்த்து அனுப்புவார்களே, அந்த அரசாங்கப் படம். அரசாங்கமும் பல்லுக்கரைக் கட்சி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

“வரம் கேட்டா கண்டிசன் போடுதாருய்யா!” என்றது ஒரு குரல்.

பெண்ணின் அப்பா எழுந்தார். “ஏலே, நிறுத்துலே! கோயில் கொடையில என்ன பேச்சுலே இது?”

பதற்றத்தில் மாமா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். சத்தம் நின்றது, படம் நிற்கவில்லை. டாக்டர் எதையோ கையில் எடுத்துக் காட்டி, குனிந்து, பொறுமையாக வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ஊரே அமைதியாக அவர் வாயைப் பார்த்தது. பிறகுதான் மாமாவுக்குச் சுவிட்ச் அகப்பட்டது.

இருட்டில் முதலில் சிரித்தது அத்தைதான். அடக்கிப் பார்த்து, முடியாமல், உடம்பு குலுங்கச் சிரித்தார். அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, பெண்கள் பக்கம் முழுக்கப் பரவி, ஆண்கள் பக்கமும் வந்துவிட்டது. ஊரே சிரிக்கும்போது ஒருவர் மட்டும் எவ்வளவு நேரம் கோபமாக நிற்க முடியும்? பெண்ணின் அப்பா துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். மாமா தடித்த ரீலை மாட்டினார். ராணிக்குப் பிள்ளை பிறந்தது. சுபம்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள் பேச்சு நடந்தது. நானும் மாமாவும் தொழுவத்தில் நின்று கேட்டோம்.

“சாமி படத்துல டாக்டர விட்டவனுக்குப் பொண்ணா?”

“அந்தப் பய மூஞ்சியப் பாத்தாச் சிரிப்பு வருதுல்லா? எம்மவளாவது சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்” என்றது அத்தையின் குரல். “சரி, தையில வச்சிக்கிடுவோம்” என்றார் பெண்ணின் அப்பா. மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்டுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

மாமா பஸ் பார்க்கப் போன நேரம், அத்தை தொழுவத்துக்கு வந்தார். அதிசயமாக, அவரோடு ஒரு பிள்ளையும் இல்லை.

“ஏலே ஐயா, அந்த டாக்டரு ரீலு எங்க?”

எடுத்தேன். நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது.

“வயரப் பிடுங்கினதுக்கு அப்புறம் என்னமோ சொன்னாரே, கையில எதையோ வச்சிக்கிட்டு. அது என்னன்னு பாத்துச் சொல்லு.”

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். “இங்கன பல்லு ரொம்பச் சின்னதா இருக்கு அத்தை. மெதுவாப் பேசுதாரு.”

“மெதுவா என்ன பேசுதாரு?”

“அது தெரியாது அத்தை. மெதுவாப் பேசுதாருன்னு மட்டுந்தான் தெரியும்.”

அவரே வாங்கிப் பார்த்தார். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, தள்ளிவைத்து, மறுபடி அருகில் வைத்து, அந்தச் சின்னச் சின்னப் பற்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள். ரீலை என் கையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வித்தைக்குக் கடைசியில் ஒரு சீடர் கிடைத்துவிட்டார் என்று, ஊர் போய்ச் சேரும்வரை மாமாவிடம் அளந்துகொண்டு வந்தேன்.

தை மாதம் மாமாவின் கல்யாணம். அத்தை, தலைகூட நிற்காத தன் கைக்குழந்தையோடு மணமேடை அருகே திண்டாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாரும் கரைக்காரரே, இவனக் கொஞ்சம் பிடியும்” என்று குழந்தையை என் மடியில் கிடத்தினார். தாலி கட்டி முடியும்வரை வைத்திருந்தேன். இந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் ஒரு குழந்தை இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. அது கொட்டாவி விட்டபோது குனிந்து பார்த்தேன். பல்லே இல்லை.